டும்பாவுக்குப் போட்ட சிவப்பு

நியூ டவுனில் ஒரு பெரிய ஓட்டலில் சமீபத்தில் டிசைன்காரர்களின் முகாம் நடந்தது. நான் வேலை பார்த்த ஸ்டூடியோவின் பிள்ளைகள் வண்டி அனுப்பி என்னை அழைத்துப்போய் முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். முகாம் என்றால், போஸ்டருக்குப் படம் போடுகிறவர்கள், விளம்பரத்துக்கு எழுத்து வரைகிறவர்கள் எல்லாரும் ஊரைவிட்டு விலகி நாலைந்து நாள் ஒன்றாகத் தங்கி, ஒருவர் கைவேலையை மற்றவருக்குக் காட்டிக்கொடுப்பது. அங்கே ஒரு பெண் மைக்கை என் வாய்க்கு நேரே நீட்டி, "பிஷாலாதி, உங்க கையால அச்சடிச்சதுல உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எது?" என்று கேட்டாள். என் பெயர் விசாலம். வங்காளிகள் வாயில் அது பிஷாலா, அக்காவுக்கு அவர்கள் சொல்கிற ‘திதி’யைச் சுருக்கி, மரியாதைக்கு ஒரு ‘தி’.

நான் சிரித்துவைத்தேன். சொன்னால் பொழுது போய்விடும், அவர்களுக்கோ சாப்பாட்டு நேரம். நம் தமிழ்ச் சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று நீங்கள் கேட்டபோது அந்தக் கேள்வி இன்னும் மனதில் இருந்தது. மூன்றாம் வகுப்போடு நின்ற தமிழ் என்னுடையது. மெதுவாகத்தான் எழுதுவேன், நீங்களும் மெதுவாகவே படியுங்கள்.

என் வீட்டுக்காரர் ஒரு பெயிண்ட் கம்பெனியில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தார். டாலிகஞ்சில் வாடகைக்கு இரண்டு அறை. அவர் நெஞ்சுவலியில் போனபோது என் மகன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். அந்தக் கம்பெனியில் மை வாங்குகிற ஸ்டூடியோ ஒன்று ஜாதவ்பூரில் இருந்தது. ஸ்க்ரீன் கழுவ ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். கழுவப் போனவள் கோட்டிங் பூசக் கற்றுக்கொண்டேன், பிறகு மை கலக்க, பிறகு அச்சடிக்க. அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, மண்ணெண்ணெய் வாடையும் முதுகுவலியும்தான். தொண்ணூறுகள் பிறந்தபோது அச்சு மேஜை என் பொறுப்பில் இருந்தது. என் மேஜையிலிருந்து கோணல் பிரதி ஒன்றுகூட வெளியே போகாது. கோணலானதை அங்கேயே கிழித்துப் போடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொல்ல மாட்டேன், பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

ஸ்டூடியோவுக்குத் தலைவர் சுபீர்தா. அண்ணனுக்கு வங்காளிகள் தாதா என்பார்கள், அதன் சுருக்கம்தான் அந்த ‘தா’. மெலிந்த மனிதர், கதர் ஜிப்பா, தோளில் ஒரு ஜோல்னாப் பை. நன்றாக இருக்கிறது என்று அவர் வாயால் யாரும் கேட்டதில்லை. எந்தப் படம் வந்தாலும் முதலில் தலைகீழாகத் திருப்பிக் கைநீட்டிப் பிடித்துப் பார்ப்பார். நேராகப் பார்த்தால் எழுத்தைப் படிக்கத் தோன்றும், முகம் அழகா இல்லையா என்று மனம் அதன் பின்னால் போய்விடும், கறுப்பு எங்கே கனக்கிறது வெள்ளை எங்கே மூச்சுவிடுகிறது என்பது தெரியாது என்பார். தலைகீழாகப் பார்த்து ‘ம்’ என்றால் பாஸ். ‘இன்னொரு தடவை’ என்றால் விடிய விடிய உழைத்தது குப்பைக்கு. அவர் முன்னால் பெரிய கம்பெனி ஆட்களே கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். என்னிடம் மட்டும் ‘இன்னொரு தடவை’ சொன்னது குறைவு.

அவர் ஆரம்பித்ததுதான் அந்த முகாம். பாருயிப்பூர் பக்கம், கொய்யாத் தோப்புகளுக்கு நடுவில், ஒரு பழைய குடும்பத்தின் தோட்ட வீடு. ஒவ்வொரு குளிர்காலமும் போவோம். விளம்பரக் கம்பெனியிலும் பத்திரிகை ஆபீஸிலும் வேலை பார்க்கிறவர்கள் வருவார்கள், எல்லாரும் வளர்ந்தவர்கள், சிலர் என்னைவிட நரைத்தவர்கள். சுபீர்தா படத்தை அமைப்பது எப்படி என்று சொல்லித்தருவார். ருமாதி என்று ஒருத்தி, கல்யாணம் செய்துகொள்ளாதவள், சிகரெட் பிடிப்பாள், எழுத்து வரையச் சொல்லித்தருவாள். அச்சு மேஜை எனக்கு.

முதல் தடவை நான் கிளம்பும்போது என் மகன் கேலி செய்தான்.

"ஏம்மா, காலேஜ் படிச்சவாளுக்கு நீ பாடம் எடுக்கப் போறியா?"

"ஆமாண்டா. உனக்கும் சேத்து எடுக்கணும்னா பையைத் தூக்கிண்டு வா."

வேலை இதுதான். மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய துணிதான் ஸ்க்ரீன். அதில் கோட்டிங் பூசி, இருட்டில் காயவைத்து, படத்தை மேலே வைத்து வெயிலில் காட்ட வேண்டும். வெயில் பட்ட இடம் இறுகிவிடும், படம் மறைத்த இடம் தண்ணீரில் கரைந்து வழிவிடும். பிறகு காகிதத்தின்மேல் ஸ்க்ரீனை இறக்கி, மை ஊற்றி, ஸ்க்வீஜி என்கிற ரப்பர் கட்டையால் ஒரே இழுப்பாக இழுத்தால் வழி இருக்கிற இடத்தில் மட்டும் மை கீழே இறங்கும். ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்க்ரீன். இரண்டாவது நிறம் முதல் நிறத்தின்மேல் சரியாக உட்காருவதற்கு எங்கள் தொழிலில் ரிஜிஸ்டர் என்று பெயர். ரிஜிஸ்டர் பிசகினால் உதட்டின் சிவப்பு கன்னத்தில் போய் நிற்கும்.

தோட்ட வீட்டைப் பார்த்துக்கொண்டவர் ஹரிபதா. அவர் மனைவி மாலதி எங்களுக்குச் சமைத்துப் போடுவாள். இரண்டாவது வருஷம் நாங்கள் போனபோது மாலதி பேச்சை மறந்தவள் மாதிரி இருந்தாள். பருப்பில் உப்பு இல்லை, யாரும் சொல்லவில்லை. நான் சமையல்கட்டுக்குப் போய் உப்பைக் கேட்டேன். உப்பு மரவையை என் கையில் கொடுத்துவிட்டு அவள் கேட்டாள்:

"திதி, நீங்க காகிதத்துல மனுஷங்க முகத்தை அச்சடிப்பீங்களாமே?"

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அவர்களுக்கு ஒரே பெண், டும்பா. பதினைந்து வயது. ஜாதவ்பூரில் ஒரு ஃப்ளாட்டில் வீட்டுவேலைக்காகக் காலை ரயிலில் மற்றப் பெண்களோடு போய் சாயங்கால ரயிலில் திரும்புகிறவள். துர்கா பூஜை முடிந்த கையோடு ஒரு சாயங்காலம் ரயிலிலிருந்து மற்றவர்கள் இறங்கினார்கள், அவள் இறங்கவில்லை. போலீசில், எவனோடாவது ஓடியிருப்பாள், காத்திரு என்றார்கள். மாலதி முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு போட்டோவைக் கொடுத்தாள். திருவிழாவில் எடுத்தது. பின்னால் தாஜ்மஹால் வரைந்த திரை, முன்னால் இரண்டு பெண்கள். இடது பக்கம் நிற்பவள் டும்பா, முகம் என் கட்டைவிரல் நகம் அளவு.

நான் அந்தப் பெண்ணை நேரில் பார்த்ததே இல்லை. முதல் வருஷம் நாங்கள் அங்கே இருந்த நாட்களிலும் அவள் வேலைக்குப் போய்விட்டு இருட்டியபின் வருவாளாம்.

போட்டோவைச் சுபீர்தாவிடம் கொடுத்தேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, முகாமுக்கு வந்திருந்த அத்தனை பேரையும் மாமரத்தடிக்குக் கூப்பிட்டார். "இந்த வருஷம் எல்லாருக்கும் இதுதான் வேலை," என்றார். அவர் மனதில் நல்ல எண்ணம்தான். இத்தனை கெட்டிக்காரர்கள் கூடியிருக்கும்போது ஒருத்திக்கு உதவட்டுமே என்றுதான்.

அந்த நாள் முழுக்க ஒரே வாதம். ஸ்டேஷன் கடையில் முகத்தை ஜெராக்ஸில் பெரிதாக்கி எடுத்து வந்தார்கள். பெரிதாக்கியதில் மங்கல் எல்லாம் போய் கறுப்பும் வெள்ளையும் மட்டும் நின்றது. அதைப் பார்த்ததும் அவர்களுக்கு உற்சாகம் வந்துவிட்டது. பாதி முகம் இருட்டு, பாதி முகம் வெளிச்சம். ஒரு கண் மட்டும் நம்மைப் பார்க்கும். ‘காணவில்லை’ என்ற வங்காளி எழுத்தை ருமாதி மேலிருந்து கீழே விழுகிற மாதிரி எழுதி, கடைசி எழுத்தைக் காகிதத்தின் ஓரத்தில் பாதி வெட்டினாள். அந்த எழுத்தும் காணாமல் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தமாம். நான் அச்சடித்தேன். கறுப்பு ஒரு பொட்டு ஓட்டை இல்லாமல் உட்கார்ந்தது. சுபீர்தா ஈரப் பிரதியை இரண்டு விரலால் எடுத்து, தலைகீழாகத் திருப்பி, கைநீட்டிப் பிடித்து, வெகுநேரம் பார்த்தார்.

"ம்," என்றார்.

எல்லாரும் கைதட்டினார்கள். நானும் உள்ளே மகிழ்ந்தேன்.

மாலதி டீயும் பொரியும் கொண்டுவந்தாள். சுவரில் மாட்டியிருந்ததைப் பார்த்துத் தட்டோடு நின்றாள்.

"இது யாரு?"

ருமாதிதான், "உன் பொண்ணுதான், மாலதி. வெளிச்சம் ஒரு பக்கமா விழற மாதிரி போட்டிருக்கு," என்றாள்.

"என் டும்பா இல்லை."

"கிட்ட வந்து பாரு. அந்தக் கண்ணு அவளோடதுதான்."

"கண்ணு சரி, திதி. ரயில்ல யாராவது அவளைப் பார்த்தா பாதி முகம் இருட்டாவா இருக்கும்? எப்படிக் கண்டுபிடிப்பாங்க?" அவள் குரல் உயரவே இல்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு டீயை ஒவ்வொருவருக்கும் எடுத்துக்கொடுத்தாள்.

சுபீர்தா போஸ்டரைச் சுவரிலிருந்து எடுத்து, நேராகப் பிடித்துப் பார்த்தார். அதற்குமுன் அவர் அதை நேராகப் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மன்னிப்புக் கேட்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. "ஒரு மோடா கொண்டாங்க," என்றார். மாலதியை அதில் உட்காரச் சொல்லி, பக்கத்தில் தரையில் அவர் உட்கார்ந்து, பென்சிலைச் சீவினார்.

"வகிடு நடுவிலயா, ஓரமாவா?"

"நடுவுல."

"பல்லு தெரியுமா, சிரிச்சா?"

"சிரிக்காட்டியும் தெரியும். முன்பல்லு ரெண்டும் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். அப்பனோட பல்லு."

வரைந்து காட்டுவார், அவள் இல்லை என்பாள், அழிப்பார். அவர் வரைந்ததை இன்னொருவர் சொல்லி அவர் அழித்ததை நான் அன்றுதான் பார்த்தேன். வெயில் சாயும் நேரத்தில் மாலதி ஒரு காகிதத்தைக் கையில் வாங்கினாள், திருப்பித் தரவில்லை. அதுதான் போஸ்டர் ஆயிற்று. கல்யாண மண்டபத்தில் மாட்டுகிற படம் மாதிரி நேருக்கு நேர் ஒரு முகம், கீழே பெரிய எழுத்தில் பெயர், வயது பதினைந்து, நிறம், உயரம். அழகு என்று ஒன்றும் இல்லை அதில். தலைகீழாக அதை யாரும் திருப்பவில்லை.

பழையதை, அந்தப் பாதி முகப் போஸ்டரை, ஒருவர் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். பின்னால் அது ஏதோ கண்காட்சியில் கண்ணாடி போட்டு மாட்டப்பட்டது என்று கேள்விப்பட்டேன். சுபீர்தா போய்ப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை மைதா கூழ் காய்ச்சி வாளியில் எடுத்துக்கொண்டு அத்தனை பேரும் ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் போய் ஒட்டினோம். விளம்பரக் கம்பெனியில் ஏசி அறையில் உட்காருகிறவர்கள் சட்டையில் கூழ் வழிய நின்றார்கள். அதற்குப்பின் அது முகாமின் வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு குளிர்காலமும் என் மேஜையில் முதல் பாடம் டும்பாவின் போஸ்டர். புதிதாக வந்தவர்கள் ஸ்க்வீஜி பிடிக்கக் கற்றுக்கொள்வதே அந்த முகத்தில்தான். வயது மட்டும் மாறும். பதினாறு, பதினேழு என்று ருமாதி எண்ணை மட்டும் புதிதாக எழுதித் தருவாள். கடைசி நாள் எல்லாரும் வாளியோடு சுவருக்குப் போக வேண்டும். அச்சடித்ததைச் சுவரில் பார்க்காதவனுக்கு அச்சு தெரியாது என்பார் சுபீர்தா.

வருஷம் போகப் போக அவர் படத்தையும் மாற்ற ஆரம்பித்தார். அதுவும் மாலதி கேட்டுத்தான். இப்போ கன்னம் வற்றியிருக்கும் தாதா, கழுத்து நீண்டிருக்கும், எனக்கும் அந்த வயசுல அப்படித்தான் ஆச்சு என்பாள். அவள் சொல்வாள், இவர் வரைவார். ஒரு வருஷம் போல இன்னொரு வருஷம் இருக்காது அந்த முகம்.

அப்படி நாலைந்து குளிர்காலம் போனபின் ஒரு தடவை சேதி வந்தது. ரயில் பாதையின் கடைசிக் கோடியில் ஒரு டீக்கடைக்காரர், போஸ்டரில் இருக்கிற பெண் எங்கள் ஊரில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள் என்று சொல்லியனுப்பினார். மாலதியும் ஹரிபதாவும் புதுத்துணி ஒன்றை வாங்கிக்கொண்டு போனார்களாம். திரும்பி வந்தார்கள். அந்தக் குளிர்காலம் நாங்கள் போனபோது மாலதி சுபீர்தாவிடம் சொன்னாள்:

"அந்தப் பொண்ணு அப்படியே உங்க படம் மாதிரியே இருந்தா, தாதா. கழுத்து, கன்னம், எல்லாம். என் பொண்ணு மாதிரி இல்ல."

சுபீர்தா வாயில் வைத்திருந்த பென்சிலை எடுத்துவிட்டார். அன்று அவர் சாப்பிட வரவில்லை. அடுத்த நாள் என்னிடம் வந்து, "மாலதி கையில வாங்கின முதல் படத்தோட பாசிட்டிவ் இருக்கா, பிஷாலாதி?" என்று கேட்டார். பாசிட்டிவ் என்றால் ஸ்க்ரீன்மேல் வைத்து வெயிலில் காட்டுகிற படம். இருந்தது, நான் எதையும் தூக்கி எறிய மாட்டேன். "இனிமே அதுதான். யாரும் கண்ணால பார்க்காததை நான் வரைய மாட்டேன்," என்றார். அதன்பின் பதினைந்து வயது முகத்துக்குக் கீழே பத்தொன்பது, இருபது என்று போட்டு அடித்தோம். புதிதாக வந்தவர்கள் தப்பு இருக்கிறதே என்று எண்ணைக் காட்டுவார்கள். ருமாதி ஒரு பார்வை பார்ப்பாள், ஸ்க்வீஜிக்குத் திரும்பிவிடுவார்கள்.

ஹரிபதா அதற்குள் விலகிவிட்டார். முதல் சில வருஷம் வாளி தூக்கினவர், டீக்கடைக்காரர் சேதிக்குப் பிறகு எங்கள் பக்கமே வரமாட்டார். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறேன் என்று கொய்யா மரங்களுக்குள் போய்விடுவார்.

இனிமேல் சொல்லப்போவதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

டும்பாவுக்கு வயது இருபதைத் தாண்டியிருந்த ஒரு குளிர்காலம். சுபீர்தாவுக்கு இருமல் முற்றி, சால்வையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். என் மேஜையில் கறுப்பு ஸ்க்ரீன் தயாராக இருந்தது. மாலதி கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவர் முன் நின்றாள்.

"தாதா, இந்த வருஷம் அவ வகிட்டுல சிந்தூர் வேணும்."

சுபீர்தா இருமினார். "நான்தான் சொன்னேனே மா. பார்க்காததைப் போடறதில்லை."

"எங்க பக்கத்துல இந்த வயசுல வகிடு வெறுமையா எந்தப் பொண்ணு இருக்கா? நாலு வீடு தள்ளி அவ குடியிருந்தாலும் போஸ்டரைப் பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க? இது யாரோ சின்னப் பொண்ணு, நம்ம வீட்டுப் பக்கத்துல இருக்கறது கல்யாணம் ஆனவள்னு போயிடுவாங்க."

அதில் நியாயம் இருந்தது. ஆனால் வாசலில் ஹரிபதாவின் குரல் கேட்டது. எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை.

"பொண்ணுங்களைக் கொண்டுபோய் எங்க விக்கறாங்கன்னு ஊருக்கே தெரியும். அங்க யாரு சிந்தூர் வச்சுவிடறாங்க? செத்தவளுக்குக் கல்யாணம் பண்றா இவ. நீங்களும் கூட நின்னு மேளம் அடிங்க."

மாலதி திரும்பிப் பார்க்கவில்லை. "அவ வகிட்டுல நான் வைக்கறேன். நீ பார்க்காதே," என்றாள்.

ஹரிபதா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சுபீர்தா கண்ணாடியைக் கழற்றிச் சால்வையால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். "பிஷாலாதி, சிவப்புக்கு இன்னொரு ஸ்க்ரீன் போடுங்க," என்றார்.

ஒரு கோடு, அவ்வளவுதான். ஆனால் டும்பாவின் வகிடு போஸ்டரில் ஒரு தீக்குச்சி அகலம். இரண்டு பக்கமும் கறுப்பு முடி. சிவப்பு அதற்குள் விழ வேண்டும். பனி இறங்குகிற காலத்தில் காகிதம் ஈரம் குடித்துக் கொஞ்சம் விரிந்திருக்கும், அதனால் கறுப்பு அடித்த காகிதங்களை வெயிலில் விரித்துச் சூடேற்றினேன். மேஜையில் மூன்று இடத்தில் அட்டைத் துண்டு ஒட்டி, காகிதம் ஒவ்வொன்றும் அதே மூலையில் போய் முட்டுகிற மாதிரி செய்தேன். மஞ்சள் கொஞ்சம் சேர்த்துச் சிவப்பைக் கலக்கினேன், வெறும் சிவப்பு காய்ந்தால் ரத்தக் கலராகிவிடும். முதல் காகிதத்தை வைத்து, ஸ்க்ரீனை இறக்கி, ஸ்க்வீஜியைக் கையில் எடுத்தேன்.

"திதி," என்றாள் மாலதி.

நிமிர்ந்தேன்.

"தப்பா நினைக்காதீங்க. கறுப்பை நீங்க போட்டீங்க. சிவப்பை..." அதோடு நிறுத்திவிட்டாள். அவள் பார்வை என் நெற்றிக்கு வந்து கீழே போயிற்று.

எனக்குப் புரிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் போன நாளிலிருந்து என் நெற்றி வெறுமைதான். ஸ்டூடியோவில் அதை யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. எத்தனையோ கல்யாணப் பத்திரிகைக்குச் சிவப்பு போட்டவள் நான். பிரஜாபதி என்று வங்காளிகள் பத்திரிகையில் போடுகிற வண்ணத்துப்பூச்சிக்குச் சிறகு சிறகாக நிறம் பிரித்தவள். எந்த மாப்பிள்ளை வீட்டாரும் அச்சடித்தவள் யார் என்று கேட்டதில்லை. மேஜையைச் சுற்றி முகாமுக்கு வந்தவர்கள் நின்றிருந்தார்கள்.

ருமாதிக்குக் கோபம். "இது மை, மாலதி. சிந்தூர் இல்ல."

"தெரியும், திதி. மைதான்."

"அப்ப யார் போட்டா என்ன? கொடுங்க, நானே போடறேன்."

"உங்களுக்குக் கல்யாணமே ஆகலையே," என்றாள் மாலதி. யாரோ ஒருவர் சிரித்துவிட்டார், ருமாதிக்கே உதடு கோணிற்று.

சுபீர்தா என்னைப் பார்த்தார். முடிவை என்னிடம் விட்டுவிட்டார் என்று தெரிந்தது. எனக்கு அவளை நாலு வார்த்தை கேட்கத் தோன்றியது. இத்தனை வருஷம் உன் பெண்ணின் கன்னத்தில் புள்ளி புள்ளியாக மை இறக்கினது இந்தக் கைதானே என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவள் தலை நிமிரவில்லை. கல்யாணம் ஆன பெண்ணுக்கு அம்மா எதெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்வாளோ அதைச் செய்ய அவளுக்கு அந்த ஒரு கோடுதான் இருந்தது. அதில் ஒரு குறை இருக்கக் கூடாது என்று நினைக்கிறாள். நானாக இருந்தாலும் என் மகன் கல்யாணத்தில் அப்படித்தான் நினைத்திருப்பேன். அவன் கல்யாணத்தில் நானே பின்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஸ்க்வீஜியை மேஜைமேல் வைத்தேன். "நீயே போடு," என்றேன்.

காகிதத்தை வைப்பதும் எடுப்பதும் நான், இழுப்பது அவள் என்று ஏற்பாடு. கட்டையைச் சாய்த்துப் பிடி, தோளிலிருந்து இழு, நடுவில் நிற்காதே என்று சொல்லிக்கொடுத்தேன். அவள் அம்மியில் மசாலா அரைக்கிறவள், முழு உடம்பையும் அதில் போட்டாள். துணி நீண்டு கொடுத்து, கோடு நகர்ந்து நெற்றியில் விழுந்தது. "அரைக்காதே மாலதி, தடவு," என்றேன். அடுத்தது முடிமேல். அதற்கடுத்தது வகிட்டில் பாதி, வெளியே பாதி. ஒன்றில் மை வழிந்து மூக்குத் தண்டில் இறங்கியிருந்தது. சிலது மட்டும் சொன்ன இடத்தில் உட்கார்ந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு இழுத்துக்கொண்டே இருந்தாள்.

கோணலானவற்றை நான் ஒருபக்கம் சேர்த்துக்கொண்டு வந்தேன். கடைசியில் பழக்கத்தில் அவற்றைக் கிழிக்கக் கையில் எடுத்தேன். மாலதி என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். அவள் விரல்களில் ஈரச் சிவப்பு.

"கிழிக்காதீங்க. முகம் இருக்கு."

"ரிஜிஸ்டர் போயிடுச்சு, மாலதி. மூக்குல இறங்கியிருக்கு பாரு. வெளியே அனுப்பற மாதிரி இல்ல."

"புதுசா கல்யாணம் ஆனவளுக்கு நேரா வைக்க வராது, திதி. மூக்குல கொட்டினா புருஷன் ஆசையா வச்சுப்பான்னு சொல்வாங்க."

நான் பிரதிகளைக் கீழே வைத்தேன். நல்லது கெட்டது பிரிக்காமல் எல்லாவற்றையும் கொடிக்கயிற்றில் கிளிப் போட்டு வரிசையாகக் காயப்போட்டேன். சுபீர்தா எழுந்து வந்து அந்த வரிசை முழுக்க ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். ‘ம்’ என்று சொல்லவில்லை. ‘இன்னொரு தடவை’ என்றும் சொல்லவில்லை. சாயங்காலம் ஹரிபதா வீட்டுக்குத் திரும்பும்போது அந்தக் கயிற்றுக்குக் கீழே வராமல் குளத்தைச் சுற்றிக்கொண்டு போனார்.

அதுதான் கடைசி முகாம். அடுத்த மழைக்காலத்தில் சுபீர்தா போய்விட்டார். தோட்ட வீட்டை விற்றுவிட்டார்கள், கொய்யா மரங்களை வெட்டி மனை போட்டார்கள். மாலதியும் ஹரிபதாவும் எங்கே போனார்கள் என்று ருமாதி மூலமாக விசாரித்தேன், கான்னிங் பக்கம் என்றார்கள், அதற்குமேல் தெரியவில்லை. டும்பா கிடைத்திருந்தால் மாலதி எப்படியாவது எனக்குச் சொல்லியனுப்பியிருப்பாள். ஸ்டூடியோவின் விலாசம் அவளுக்குத் தெரியும்.

அந்தக் கடைசி முகாமில், சிவப்பு காய்ந்த மறுநாள் காலையில் ஒட்டப் போனோம். சுபீர்தாவால் வர முடியவில்லை. மாலதி என்னை விடவில்லை, "நீங்க வரணும் திதி," என்று என் கையிலேயே சுருளைக் கொடுத்தாள். பாருயிப்பூர் ஸ்டேஷனில், பிளாட்பாரத்தின் கடைசியில், முந்தைய வருஷம் ஒட்டிய போஸ்டர் ஒன்று ஓரம் கிழிந்து இன்னும் இருந்தது. மழையில் நனைந்து வெளுத்திருந்தாலும் முகம் தெரிந்தது. கூட வந்த ஒருவர் அதன்மேல் கூழைத் தடவப் போனார். மாலதி பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டாள்.

"அது இருக்கட்டும் தாதா. அப்பப் பார்த்தவங்க யாராவது வருவாங்க. பக்கத்துல ஒட்டுங்க."

பக்கத்தில் ஒட்டினோம். அவள் கையில் வந்தது மூக்கில் சிவப்பு வழிந்திருந்த பிரதி. உள்ளங்கையால் சுருக்கம் இல்லாமல் நெற்றியிலிருந்து கீழே நீவிவிட்டாள். ஒரே முகம் இரண்டு, ஒன்று வெறும் வகிடு, ஒன்று சிந்தூர் வைத்தது.

ரயிலுக்காகக் கீரைக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு வயதான பொம்பளை எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது போலிருக்கிறது.

"ஒரே ஜாடையா இருக்கே. அக்கா தங்கச்சியா?"

மாலதி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "ஆமா," என்றாள்.

"ரெண்டு பேருமா காணாமப் போயிட்டாங்க?"

"ஆமா மாஸி. பெரியவளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு."

கூட வந்தவர்கள் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் பொம்பளை கூடையை விட்டு எழுந்து, கிட்டே வந்து, இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். தினமும் சியால்தா வரைக்கும் போய் வருகிறேன், கண்ணில் பட்டால் சொல்கிறேன் என்றாள்.

"பேரு என்ன, ரெண்டு பேருக்கும்?"

"டும்பான்னு கூப்பிடு மாஸி," என்றாள் மாலதி. "ரெண்டு பேருமே திரும்பிப் பார்ப்பாங்க."